கரடியின் மறைந்த பெயர்

வேட்டைக்காரர் விலங்குகளுக்கு இட்ட பட்டப்பெயர்களைக் கொச்சையெனத் தள்ளுதல் வரலாற்று மாணவர்க்குத் தகாது. கரடியைக் குறித்த பழைய இந்து-ஐரோப்பியச் சொல் வடமொழியில் 'ரிக்ஷ' எனவும் கிரேக்கத்தில் 'ஆர்க்டொஸ்' எனவும் இலத்தீனில் 'உர்சுஸ்' எனவும் நிலைத்தது. வடபுலத்துச் சிலாவிய, செர்மானிய மொழிகளிலோ அது அடியோடு மறைந்தது. வேடரிடை நிலவிய சொல்விலக்கே இதற்குக் காரணமெனப் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே 1906இல் விளக்கினார். பெயர் சொன்னால் விலங்கு கேட்டுவிடும் என்னும் அச்சம் போலும்! உருசியர் 'தேனுண்ணி' என்ற பொருளில் 'மெத்வேத்' என்றனர். நாமறிந்த வடசொல்லான 'மது'வுக்கு அதன் முற்பகுதி உறவு. ஆங்கிலப் பெயரோ 'பழுப்பன்' எனப் பொருள்படுமென்பது பலர் கொள்கை. இவ்வினத்தைச் சாராத பின்னிய மொழியிலும் கரடி 'தேன்பாதன்' ஆயிற்று. அங்கு இன்றைய பொதுப்பெயரான 'கர்ஹு'வும் கரடுமுரடான மயிரைச் சுட்டி எழுந்த மறைபெயரே என்பர்.