வளவுக்கு மேலே இருக்கிற வானம் யாருக்கு?

தேவகோட்டைப் பக்கத்து நகரத்தார் வீடு பார்த்திருக்கீங்களா மக்களே? தெருப்பக்கம் கோட்டை மாதிரி சுவர். முகப்பு தாண்டினா வளவு, நடுவுல திறந்த முற்றம். வத்தல் காயறது, ஆச்சிமார் பேச்சு எல்லாம் அங்கேதான். வெளியாள் பார்வை முகப்போட நின்னுடும். வானத்துக்கு மட்டும் கதவு வைக்கலை. ட்ரோன் வர்ற வரைக்கும் அதுக்கு அவசியமும் இல்லை!

இப்போ கல்யாணம்னாலும் ட்ரோன், பழைய வீட்டைப் படம் எடுக்கணும்னாலும் ட்ரோன். முற்றத்துக்கு மேல அது நின்னா சட்டம் என்ன சொல்லுதுன்னு தோண்டிப் பார்த்தேன்.

1934 விமானச் சட்டம் 17-வது பிரிவு: நியாயமான உயரத்துல விமானம் பறந்தா, அதை மட்டும் காரணம் காட்டி அத்துமீறல்னு வழக்குப் போட முடியாதுன்னு சொல்லுச்சு. அன்னைக்கு அது சரி. நாற்பதடி உயரத்துல எந்த விமானம் வந்து நின்னுச்சு?

அமெரிக்காவுல காஸ்பின்னு ஒரு கோழிப்பண்ணைக்காரர். ராணுவ விமானங்கள் 83 அடி உயரத்துல பறக்க, கோழிகள் மிரண்டு சுவர்ல மோதிச் செத்துச்சு. 1946-ல அங்கே உச்ச நீதிமன்றம் சொன்னது: நிலத்தை ஒட்டி அவர் பயன்படுத்தக்கூடிய அளவு வானம் அவருக்கே சொந்தம்.

நம்ம நாட்டுல 2014 அக்டோபர்ல தனியார் ட்ரோனுக்கு ஒரேயடியாத் தடை. 2018 டிசம்பர் 1-ல அமலுக்கு வந்த விதிகள், அனுமதி இல்லாம எழும்பக்கூடாதுன்னு சொல்லுச்சு. அடுத்தவர் அந்தரங்கம் கெடாமப் பார்த்துக்கறதும் பறக்க விடுறவர் பொறுப்புன்னு எழுதினாங்க. 2021 மார்ச் விதிகளிலயும் அது இருந்தது.

ரொம்பக் கெடுபிடின்னு புகார் வரவே, 2021 ஆகஸ்ட் 25-ல புது விதிகள். 25 படிவம் 5 ஆச்சு, 72 வகைக் கட்டணம் 4 ஆச்சு. பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் முன் அனுமதி தேவையில்லை. தொழிலுக்கு நல்லதுதான். ஆனா அந்தரங்கம் பற்றின வரி போயிடுச்சு! அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பு சொன்னது 2017 ஆகஸ்ட் 24. சரியா நாலு வருஷம், ஒரு நாள்.

2025 செப்டம்பர்ல சிவில் ட்ரோன் மசோதா வரைவு வெளியிட்டு கருத்து கேட்டாங்க. ட்ரோனால உயிர் போனா இரண்டரை லட்சம், பலத்த காயம்னா ஒரு லட்சம் இழப்பீடு. தலையில விழுந்தா கணக்கு இருக்கு. விழாம, மேலே நின்னு பார்த்துட்டே இருந்தா?

படிவத்தை எவ்வளவு வேணா குறைக்கட்டும், சந்தோஷம். 2018-ல இருந்த அந்த ஒரு வரி மட்டும் திரும்ப வரணும். முகப்புல நின்னு குரல் கொடுத்துட்டு உள்ளே வர்றது இங்கே பழைய மரியாதை. மேலே இருந்து வர்றவங்களுக்கும் அது பொருந்தும்தானே?