தாத்தாவின் சிலுவையில் நான்கு எழுத்துகள்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். நெகிரி செம்பிலானின் தோட்டப்புறக் கல்லறைகளில் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். இறந்தவரின் பெயர் தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். ஆனால், சிலுவையின் உச்சியில் 'ஐ.என்.ஆர்.ஐ.' என்று நான்கு எழுத்துகள் இருந்தால், அவற்றுக்கு என்ன பொருள்? பேரப்பிள்ளை கேட்டால் பதில் சொல்லக்கூடிய பெரியவர்கள் எத்தனை பேர்?

அது இறந்தவரின் பெயர்ச் சுருக்கம் அல்ல, ஆங்கிலமும் அல்ல. 'யேசுஸ் நாசரேனுஸ் ரெக்ஸ் யூதேயோரும்' என்ற லத்தீன் சொற்களின் முதல் எழுத்துகள். 'நாசரேத்தூர் இயேசு, யூதர்களின் அரசர்' என்பது பொருள். பழைய லத்தீனில் 'ஜே' என்ற தனி எழுத்து கிடையாது. 'ஐ' எழுத்தே யகர ஒலியையும் தந்தது. ஆங்கிலேயரின் 'ஜீசஸ்' என்பதைவிட நம்முடைய 'இயேசு' அந்தப் பழைய ஒலிக்கு நெருக்கமானது என்பது குறிப்பிடத்தக்கது.

குற்றச்சாட்டே பட்டமானது

தண்டிக்கப்படுபவரின் குற்றத்தைப் பலகையில் எழுதிக் காட்டுவது ரோமானியர் வழக்கம். ஆளுநர் பிலாத்து அந்தப் பலகையை எபிரேயம், லத்தீன், கிரேக்கம் ஆகிய மூன்று மொழிகளில் எழுத வைத்ததாக யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரம் கூறுகிறது. தன்னை அரசன் என்றார் என்பதே குற்றச்சாட்டு. ஏளனமாக எழுதப்பட்ட அந்த வரியையே பின்வந்தோர் பெருமைக்குரிய பட்டமாக ஏற்றுக்கொண்டனர்.

பலிபீடத் துணியில் காணப்படும் 'ஐ.எச்.எஸ்.' எழுத்துகளின் கதை வேறு. அவை இயேசு என்ற பெயரின் முதல் மூன்று கிரேக்க எழுத்துகள். லத்தீன் மட்டுமே அறிந்தவர்கள் அதற்கு 'மனிதகுல மீட்பர் இயேசு' என்று புதுப் பொருள் கண்டனர். கல்லறையின் 'ஆர்.ஐ.பி.'யும் லத்தீன்தான். 'ரெக்குயெஸ்காத் இன் பாச்சே', அதாவது 'அமைதியில் இளைப்பாறுக'.

பள்ளிச் சின்னத்திலும் லத்தீன்

தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் சட்டைப்பையிலும் லத்தீனைச் சுமந்தனர். சிரம்பான் செயின்ட் பால் பள்ளியை நடத்திய லா சால் சகோதரர்களின் சபை வாசகம் 'சிக்னும் ஃபிதெயி', அதாவது 'நம்பிக்கையின் அடையாளம்'. 1852இல் தொடங்கிய பினாங்கு செயின்ட் சேவியர் பள்ளியின் வாசகம், 'உழைப்பு அனைத்தையும் வெல்லும்'. இது வேதவாக்கு அல்ல. இயேசுவுக்கு முன் வாழ்ந்த ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் வரியிலிருந்து பிறந்தது. விடியுமுன் பால்மரம் சீவப் போன பெற்றோருக்கு அதன் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை.

அன்று பூசையும் லத்தீனில்தான். ஜப்பானியர் ஆட்சியில், 1943 இறுதி முதல் சிங்கப்பூரின் யுரேசிய, சீனக் கத்தோலிக்கர்கள் பகாவ் காட்டில் குடியேற்றப்பட்டனர். நோயும் பசியும் பலரைக் கொண்டுசென்றன. அவர்களோடு சென்ற ஆயர் டெவால்ஸ் 1945 ஜனவரியில் மறைந்தார். அந்த மக்களின் பேச்சுமொழி வேறு, தோட்டத் தமிழரின் பேச்சுமொழி வேறு. இறந்தவர்களுக்காக இருவரும் கேட்ட பூசையின் மொழி ஒன்றே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டு ஏட்டை வெளியிட்ட பிறகு, பூசை படிப்படியாகத் தமிழுக்கு வந்தது. சிலுவையின் எழுத்துகள் மட்டும் மாறவில்லை.

இன்று நீலாய், செண்டாயான் வட்டாரங்களில் ரப்பர் தோட்டங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. தோட்டம் போனால் லயமும் கோயிலும் போகின்றன. கல்லறைக்குப் போகும் வழியும் மறக்கப்படுகிறது. அடுத்த கல்லறைத் திருநாளில் சிலுவைக்கு வெள்ளையடிக்கும்போது, அந்த நான்கு எழுத்துகளின் பொருளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். கீழே தமிழிலும் எழுதிவைக்கலாம். மூன்று மொழியில் எழுதப்பட்ட பலகைக்கு நான்காவது மொழி பாரமாகிவிடாது.