செங்கல், மரம், உலோகம், சுதை: மண்டகப்பட்டு வரை ஒரு பைக் பயணம்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி, செஞ்சியிலிருந்து விழுப்புரம். சின்ன வயசில் பஸ்ஸில் பல தடவை போன வழிதான். இந்தத் தடவை பைக்கில். பார்க்க நினைத்தது இரண்டு இடம். ஒன்று, இந்த ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சின்ன கிராமம், என் தாத்தாவின் ஊர். இன்னொன்று, மகேந்திரவர்மப் பல்லவனின் மண்டகப்பட்டு குடைவரை.

தாத்தா வீடு இருந்த இடத்தில் இப்போது வேறொருவரின் மாடி வீடு. எதிர்த் திண்ணையில் இருந்த பெரியவர், "யாரு வூட்டுப் புள்ளப்பா நீ?" என்றார். தாத்தா பேரைச் சொன்னதும் எழுந்து வந்து, இல்லாத வீட்டைக் கையாலேயே காட்டினார். "இங்க திண்ண. இது நெல்லு கொட்டுற எடம். அதோ, அங்க கெணறு." செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, பனஞ்சட்டத்தின் மேல் நாட்டு ஓடு, சன்னலுக்கு இரும்புக் கம்பி. இடித்தபோதே கம்பியையும் மரத்தையும் விற்றுவிட்டார்களாம். மிச்சம், வேப்பமரத்தடியில் கிடந்த ஆட்டுக்கல் மட்டும்.

மண்டகப்பட்டு, விழுப்புரம்–செஞ்சி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ஒரே பாறையில் குடைந்த சிறிய கோயில். முகப்பில் கனமான தூண்கள், இரண்டு பக்கமும் வாயிற்காவலர்கள், பின்சுவரில் மூன்று கருவறைகள். மூன்றும் இன்று காலி. காலம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

இங்குள்ள கல்வெட்டு கிரந்த எழுத்தில் உள்ள ஒரு குட்டி வடமொழிச் செய்யுள். அது சொல்வது இதுதான்: பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் என்ற அரசன் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் செய்வித்தான். விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப்பெயர்களில் ஒன்று. சுதை என்றால் சுண்ணாம்புச் சாந்து.

இதை எல்லோரும் கற்கோயிலின் தொடக்கம் என்று படிக்கிறோம். தமிழ்நாட்டின் முதல் குடைவரை இதுவா, பிள்ளையார்பட்டியா என்று விவாதமும் நடக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. "இது இல்லாமல் கட்டினேன்" என்று ஒருவன் பெருமைப்பட வேண்டுமானால், மற்ற எல்லோரும் அதைக் கொண்டுதான் கட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், இது அழிந்துபோன கோயில்களின் பொருள் பட்டியல். மகேந்திரனுக்கு முன்னால் இங்கே கோயில்கள் இருந்தன. அவை எதனால் ஆனவை என்பதற்கு அவனே சாட்சி.

மண்ணுக்கடியிலும் சாட்சி கிடைத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது, பல்லவர் காலத்துக்கு முந்தைய செங்கல் முருகன் கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது.

சரி, கல்லை ஏன் அதுவரை விட்டுவைத்தார்கள்? கல் என்றால் நடுகல், ஈமச்சின்னம். சாவோடு சேர்ந்த பொருள் என்பதால் கோயிலுக்குத் தவிர்த்திருக்கலாம் என்று ஆய்வாளர்களிடையே ஒரு கருத்து உண்டு. அந்தத் தயக்கம் மகேந்திரனோடு உடைந்தது. பக்கத்திலேயே தளவானூரில் அவன் இன்னொரு குடைவரை வெட்டினான். நூறு வருஷத்துக்குள் இதே மாவட்டத்தில் பனமலையில் ராஜசிம்மன் கல்லை அடுக்கியே கோயில் எழுப்பிவிட்டான்.

செஞ்சிக் கோட்டைக்குப் போகிறவர்கள் மண்டகப்பட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அப்படியே, உங்கள் தாத்தா பாட்டி வீட்டில் திண்ணை எங்கே, கிணறு எங்கே, கூரை எந்த மரம் என்று சொல்லக்கூடிய பெரியவர் யாராவது ஊரில் இருந்தால் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். காணாமல் போன அந்தக் கோயில்களுக்கு ஒரு வரியாவது மிஞ்சியிருக்கிறது. நம் வீடுகளுக்கு அதுவும் இல்லை.