பாளையக்காரர் (விருதுநகர் வட்டாரம்)

மதுரை நாயக்கர் ஆட்சியில் படை திரட்டி, வரி தண்டி, ஊர்க்காவலும் வழக்குத் தீர்ப்பும் நடத்திய நிலத்தலைவர்கள். விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் 16ஆம் நூற்றாண்டில் 72 பாளையங்களை வகுத்தனர் என்பது மரபு. வருவாயில் ஒரு பங்கு மதுரைக்கு, ஒரு பங்கு படைக்கு, மிச்சம் தலைவருக்கு. இதற்கு மேல் குடிகள் காவல் வரியும் கொடுத்தார்கள். காவலுக்கு அஞ்சிக் கொடுத்ததும் உண்டு.

கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்த பாளையக்காரர் கட்டபொம்மனுக்குத் துணைநின்ற ஏழாயிரம்பண்ணை, கோல்வார்பட்டிப் பாளையங்களைக் கும்பினி 1799இல் பறித்தது. சேத்தூர்ப் பாளையம் ஜமீனாகத் தப்பியது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களையும் ஒழித்தது. ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் இன்று பட்டாசு ஆலைகள் இயங்குகின்றன.