கம்பிதம், விப்ராட்டோ, டிரெமோலோ: தந்தியசைவின் பெயர்கள்

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திகள் முடியும் அடிப்பக்கத்து உறுப்புக்கு டெயில்பீஸ் என்று பெயர். சில கிட்டார்களில் அங்கே வளைந்த உலோகக் கைப்பிடி ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் தந்திகள் எல்லாம் ஒருசேரத் தளர்ந்து சுரம் இறங்கும். கையை எடுத்ததும் சுருள்வில் அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். சிறிது சிறிதாக அழுத்தி விட்டால் சுரம் நடுங்கும். இந்த அமைப்பை டிரெமோலோ, விப்ராட்டோ, வாமி பார் என்று மூன்று பெயரால் வழங்குகிறார்கள். பரவலாக வழங்கும் டிரெமோலோ என்ற பெயர்தான் இதற்குப் பொருந்தாதது.

டிரெமோலோவும் விப்ராட்டோவும் இத்தாலியச் சொற்கள். நடுங்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து முன்னது வந்தது. குலுக்குதல், வீசி அசைத்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து பின்னது வந்தது. அகராதியில் நெருங்கிய உறவு என்றாலும் இசையில் இரண்டும் வேறு. டிரெமோலோவில் சுரம் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒலியின் அளவு மட்டும் கூடிக் குறையும். வயலின் வில்லை ஒரே சுரத்தில் வேகமாக முன்னும் பின்னும் இழுப்பதும் டிரெமோலோவே. விப்ராட்டோவில் சுரமே சற்று ஏறி இறங்கும். கிட்டார்க் கைப்பிடி செய்வது இந்த இரண்டாவது வேலையை.

பெயர் மாறியது அமெரிக்காவில். கருவி வடிவமைப்பாளர் டாக் காஃப்மன் 1929-இல் இத்தகைய அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். 1932-இல் அது கிடைத்தது. விண்ணப்பத் தலைப்பிலேயே டிரெமோலோ என்ற சொல் இருந்தது. கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸின் கருவியில் இருந்த காஃப்மன் அமைப்பு சுதி நிலைக்காமல் தொல்லை கொடுத்தது. அவர் அதைக் கருவி வடிவமைப்பாளரான பால் பிக்ஸ்பியிடம் கொண்டுசென்றார். பிக்ஸ்பி 1950களின் தொடக்கத்தில் வேறோர் அமைப்பைச் செய்து, அதற்கு விப்ராட்டோ என்ற சரியான பெயரையே வைத்தார். 1954-இல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் அமைப்புக்கு லியோ ஃபெண்டர் டிரெமோலோ என்று பெயரிட்டார். 1956-இல் காப்புரிமையும் அதே பெயரில் கிடைத்தது. பின்னாளில் ஃபெண்டர் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஒலியளவை ஏற்றியிறக்கும் வசதிக்கு விப்ராட்டோ என்று பெயர் பொறித்தார்கள். இப்படி இரு சொற்களும் இடம் மாறின. உலகெங்கும் விற்ற கருவிகளோடு அந்த மாற்றமும் பரவி நிலைத்தது. வாமி பார் என்ற பெயரை, லானி மாக் 1963-இல் வெளியிட்ட ‘வாம்!’ என்ற இசைத்தட்டோடு தொடர்புபடுத்துவார்கள்.

இந்திய இசையில் இந்த அசைவுக்குக் கமகம் என்பது பொதுப்பெயர். 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் 15 கமகங்களைக் கூறுகிறது. திரிபம், ஸ்புரிதம், கம்பிதம், ஆந்தோளிதம் முதலியவற்றை அது பிரித்துக் காட்டுவது நடுக்கத்தின் வேகத்தை வைத்து. கம்பிதம் என்பதன் வேர், நடுங்குதலைக் குறிக்கும் வடமொழி வினை. பூகம்பம் என்ற சொல்லில் இருப்பதும் அதுவே.

இந்தப் பெயர்களைக் கையின் செயலோடு இணைத்து எழுத்தில் நிலைநிறுத்திய நூல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தது. எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, 1904-இல் எட்டயபுரத்திலேயே தெலுங்கு எழுத்தில் அச்சாயிற்று. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை எட்டயபுரம் திருநெல்வேலி மாவட்டத்து ஊர். கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடு வகுத்து, கீர்த்தனைகளின் சுரங்களோடு சேர்த்து இட்டதுதான் இந்நூலின் பெருஞ்சிறப்பு. வீணையில் விரலைச் சுரத்தானத்தில் பதித்துத் தந்தியை அசைப்பது கம்பிதம். வழுக்கிச் செல்வது ஜாரு. ஒரே மெட்டில் (ஃப்ரெட்டில்) நின்று தந்தியை வளைத்து அடுத்த சுரங்களின் சாயலை எழுப்புவது வளி. பெயரைக் கேட்டதும் விரல் செய்ய வேண்டியது விளங்கிவிடும். சென்னை மியூசிக் அகாடமி பின்னர் இந்நூலைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாகக் கொண்டுவந்தது. தாமிரபரணிக் கரையில் உள்ள கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த சுந்தரம் ஐயர், முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைப் பதிப்பித்து இந்த மரபை மேலும் பரப்பினார்.

வீணையில் சுரம் ஏறுவது தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுப்பதால். இழுவிசை கூடுகிறது, சுரம் உயர்கிறது. கிட்டார்க் கைப்பிடி பெரும்பாலும் இழுவிசையைக் குறைத்துச் சுரத்தைத் தாழ்த்துகிறது. வீணையில் வாசிக்கும் தந்தி மட்டும் அசைய, கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து அசைகின்றன. தடிமனுக்கு ஏற்ப ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு இறங்கும். வீணையிலும் வால்பக்கத்தில் சுதியைத் தொடும் உறுப்பு ஒன்று உண்டு. தந்திகளைப் பிணைத்திருக்கும் அந்த இடத்துக்கு நாகபாசம் என்று பெயர். அங்கே தந்திகளில் கோத்த சிறு உலோக வளையங்கள் லங்கர். அவற்றை நகர்த்தினால் சுதி நூலிழை அளவு ஏறும், இறங்கும். பாரசீகத்தில் லங்கர் என்றால் நங்கூரம்; தமிழின் நங்கூரமும் அச்சொல்லின் வழி வந்ததே.

கருவியை நிரந்தரமாக மாற்றாமல் புது வேலைக்குப் பழக்குவதும் இந்த மரபுக்குப் புதிதன்று. வீணையின் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரியும் கலந்த படுகையில் அமர்ந்திருக்கின்றன. சுரத்தானம் பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி, மறுபடி மேளம் கட்டிக்கொள்ளலாம், அதாவது மெட்டுகளைச் சுரத்துக்கு ஏற்பப் பதித்துக்கொள்ளலாம். வீணையின் கழுத்தான தண்டிக்கு எந்தச் சேதமும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. பின்னர் எட்டயபுரம் அரசவையில் அமர்ந்தவர். சுப்பராம தீட்சிதர் அவருடைய மகள்வயிற்றுப் பேரனும் சுவீகாரப் புதல்வரும் ஆவார். கர்நாடக இசைக்காக வயலினின் உடம்பில் எதையும் வெட்டவில்லை. சுதி சேர்க்கும் முறையும் பிடிக்கும் முறையும் மாறியதே போதுமானதாக இருந்தது.

கிட்டாரிலும் நிரந்தர மாற்றமின்றிக் கைப்பிடி அமைப்பைப் பொருத்த வழி இருக்கிறது. பிக்ஸ்பி அமைப்பை வழக்கமான முறையில் பொருத்தக் கருவியின் முகப்பில் திருகுத் துளைகள் போட வேண்டும். போட்ட துளையை அடைத்தாலும் வார்னிஷில் தடம் தெரியும். பழைய கிட்டாரின் மதிப்பும் குறையும். லெஸ் பால் வகைக் கிட்டாரில் டெயில்பீஸைத் தாங்குபவை இரண்டு தடித்த திருகாணிகள். தந்திகளைக் கழற்றி, டெயில்பீஸை எடுத்து, இந்த இரண்டையும் திருகி வெளியே எடுத்தால் அவற்றின் துளைகள் புது அமைப்புக்குக் காத்திருக்கும். அந்தத் துளைகளிலேயே ஒரு தாங்குதகட்டை முடுக்கி, அதன்மேல் பிக்ஸ்பியை அமர்த்தலாம். வைப்ராமேட் தகடுகள் இந்த முறையில் செய்யப்பட்டவை. ஜெர்மனியின் டூசன்பெர்க் நிறுவனத்து லெஸ் டிரெம் அமைப்பும் அதே திருகாணி இடங்களில் பொருந்தும். கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் கருவியைப் பழையபடி ஆக்கிவிடலாம்.

பிக்ஸ்பியில் தந்தி மாட்டுவதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். தந்தி நுனியின் சிறு குண்டில் உள்ள துளையை உருளையில் நீட்டிக்கொண்டிருக்கும் முளையில் மாட்ட வேண்டும். இறுக்கத் தொடங்குமுன் அது நழுவிவிடும். நுனியை முன்கூட்டியே உருளையின் வளைவுக்கு ஏற்ப வளைத்துக்கொண்டால் நிற்கும். சுதி திரும்பி வராவிட்டால் காரணம் பெரும்பாலும் உராய்வு. கழுத்தின் தலைப்பக்கத்துத் தாங்கியான நட்டின் பள்ளத்திலோ, டெயில்பீஸுக்கு முன்னுள்ள தாங்கியான பிரிட்ஜின் மேலோ தந்தி வழுக்கிச் செல்லாமல் சிக்கிக்கொள்கிறது. பள்ளத்தைத் தந்தியின் தடிமனுக்குச் சரிசெய்து பென்சில் கரியைத் தடவினால் பெரும்பாலும் தீரும்; தீராவிட்டால் உருளை வைத்த பிரிட்ஜைப் பொருத்தலாம்.

தமிழில் கிட்டார் பற்றி எழுதும்போது இந்தச் சொற்களைப் பிரித்தாள்வது நல்லது. ஒலியளவின் துடிப்புக்கு டிரெமோலோ, சுரத்தின் அசைவுக்கு விப்ராட்டோ என்று கொண்டால் கற்பவருக்குக் குழப்பம் வராது. விரலால் தந்தியை அசைத்து எழுப்பும் நடுக்கத்துக்குக் கம்பிதம் என்ற சொல் எட்டயபுரத்து நூலில் விளக்கத்தோடு இருக்கிறது. அதைக் கிட்டார் பாடத்திலும் தயங்காமல் கையாளலாம்.