விவிலியத்தில் இடம்பெறாத ஏடுகள்: அன்னம்மாளும் தோமாவும்



ஒவ்வோர் ஆண்டும் ஜூலைத் திங்களின் இறுதியில் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா நடைபெறுவதை நாம் அனைவரும் அறிவோம். கத்தோலிக்கர்கள் மட்டுமின்றிப் பிற சமயத்தாரும் அங்குச் சென்று மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்வர். சுங்கை ஊடாங் வட்டாரத்திலிருந்தும் செல்வோர் உளர். அன்னம்மாள் யார் என்று கேட்டால், மரியாளின் தாயார், இயேசு பெருமானின் பாட்டியார் என்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால், விவிலியத்தில் அந்த அம்மையாரின் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடினால், முதல் ஏடு தொடங்கி இறுதி ஏடு வரை ஓரிடத்திலும் இல்லை. லூக்கா நற்செய்தியில் ஆலயத்தில் இருந்த அன்னா என்னும் முதிய கைம்பெண் வருகிறார். அவர் வேறொருவர்.

பின் எங்கிருந்து வந்தது இப்பெயர்? 'யாக்கோபின் முதல் நற்செய்தி' எனப் பெயர் பெற்ற, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு நூலிலிருந்து வந்தது. மரியாளின் பெற்றோரான சுவக்கீன், அன்னா என்னும் இருவரின் பெயரும், பிள்ளையில்லாமல் அவர்கள் பட்ட துயரமும் அந்நூலில்தான் முதன்முதலாகக் காணப்படுகின்றன. அந்நூலைத் திருச்சபை விவிலியத்தில் சேர்க்கவில்லை. எனினும் அதில் வரும் பாட்டியாருக்குக் கோயில் எழுப்பியது, விழாவும் எடுக்கிறது. கிறிஸ்துமஸ் குடிலில் நாம் வைக்கும் மாடும் கழுதையும்கூட இத்தகையனவே. லூக்கா தீவனத் தொட்டியை மட்டுமே குறிப்பிடுகிறார். மாட்டையும் கழுதையையும் அதனருகே நிறுத்தியது, 'போலி மத்தேயு' என அறிஞர்கள் அழைக்கும் பிற்கால நூலாகும்.

விலக்கப்பட்ட நூல் என்றதும், மதிப்பற்ற நூல் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் எவ்வளவு பொருந்தும் என்பதை, தமிழராகிய நமக்கு நெருக்கமான ஒரு நூலை முன்வைத்துப் பார்க்க விரும்புகிறேன். அது தோமாவைப் பற்றியது.

அதற்கு முன் ஒரு தெளிவு. கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்களும் சீர்திருத்தத் திருச்சபையாரின் விவிலியத்தில் 66 நூல்களும் உள்ளன. இந்த வேறுபாடு பழைய ஏற்பாட்டைச் சார்ந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பைப் புரட்டியவர்கள் இதனை அறிந்திருப்பர். நான் இங்குப் பேசுவது அந்த ஏழு நூல்களைப் பற்றியன்று. எச்சபையாரும் ஏற்காத தொல்கிறித்துவ ஏடுகளைப் பற்றியாகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கான்ஸ்டன்டைன் பேரரசர் 325ஆம் ஆண்டு நைசியா சங்கத்தைக் கூட்டி, வேண்டிய நூல்களை வைத்துக்கொண்டு வேண்டாதவற்றை எரித்துவிட்டார் என்னும் செய்தி, 2003இல் வெளிவந்த ஆங்கிலப் புதினம் ஒன்றின் வழியாக உலகெங்கும் பரவியது. நைசியா சங்கம் இயற்றிய விதிகளில் நூல்களின் பட்டியலே இல்லை. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை நாம் இன்று காணும் அதே எண்ணிக்கையில் முதலில் பட்டியலிட்டது, அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367ஆம் ஆண்டு எழுதிய மடலாகும். ஒரே நாளில் ஒரே ஆணையால் நிகழ்ந்தது அன்று. இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் சிறிது சிறிதாக அமைந்தது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய் ஏட்டுச்சுவடியில் 'எர்மாவின் இடையன்', 'பர்னபா மடல்' ஆகிய இரண்டும் புதிய ஏற்பாட்டு நூல்களோடு சேர்த்தே எழுதப்பட்டுள்ளன. இன்றைய விவிலியத்தில் அவை இல்லை. சிரிய மொழித் திருச்சபையாரோ தங்கள் பழைய 'பெசித்தா' விவிலியத்தில் 22 நூல்களையே கொண்டிருந்தனர். திருவெளிப்பாடு அதில் இல்லை. இந்தச் சிரிய விவிலியம்தான் கேரளத்துப் பழங்கிறித்துவர் கையிலும் இருந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர்த் தேவைப்படும்.

இனி தோமாவுக்கு வருவோம். அவர் பெயரால் மூன்று பழைய நூல்கள் வழங்குகின்றன. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வோர் பலர். முதலாவது 'தோமா நற்செய்தி'. இதில் கதை இல்லை. இயேசுவின் 114 மொழிகள் மட்டுமே உள்ளன. 1945இல் எகிப்து நாட்டு நாக் ஹம்மாடியில் மண்ணுக்குள் புதைந்திருந்த சாடியிலிருந்து, கொப்டிக் மொழியில் முழுமையாகக் கிடைத்தது. இரண்டாவது 'தோமாவின் குழந்தைப்பருவ நற்செய்தி'. ஐந்து வயது இயேசு ஓய்வுநாளில் களிமண்ணால் பன்னிரண்டு சிட்டுக்குருவிகளைச் செய்து, கைதட்டிப் பறக்கவிட்ட கதை இதில் உள்ளது. நம் மலாய் நண்பர்களுக்கும் இந்நிகழ்ச்சி புதிதன்று. ஈசா நபி களிமண்ணால் பறவை உருவம் செய்து இறைவன் அனுமதியால் உயிர் பெறச் செய்ததைக் குர்ஆனின் 3ஆம், 5ஆம் அத்தியாயங்கள் குறிப்பிடுகின்றன. அதே நூலில் ஓர் ஆசிரியர் பிள்ளைக்கு எழுத்துக் கற்பிக்க வருகிறார். "முதலெழுத்தின் இயல்பே உமக்குத் தெரியாதபோது இரண்டாம் எழுத்தை எப்படிக் கற்பிப்பீர்?" என்னும் பொருள்படப் பிள்ளை கேட்க, ஆசிரியர் நாணித் தலைகுனிகிறார். பிள்ளையின் தலையில் அடித்த மற்றோர் ஆசிரியர் சாபம் பெற்று வீழ்கிறார். பிரம்பைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க வேண்டிய நூல் இது!

மூன்றாவதே நமக்குரியது. 'தோமாவின் பணிகள்' எனப்படும் இந்நூல், கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய துருக்கியின் தென்பகுதியில் இருந்த எடெசா நகரத்துச் சூழலில், சிரிய மொழியில் எழுந்தது என்பது அறிஞர் பலரின் முடிவு. கதை இப்படித் தொடங்குகிறது. சீடர்கள் உலகைப் பங்கிட்டுச் சீட்டுப் போடுகின்றனர். தோமாவுக்கு இந்தியா விழுகிறது. "என்னால் இயலாது, நான் எபிரேயன், இந்தியரிடம் எப்படிப் பேசுவேன்?" என்று அவர் மறுக்கிறார். அந்நேரம் இந்திய மன்னன் குந்தபோரஸ் அனுப்பிய ஹப்பான் என்னும் வணிகன், தச்சன் ஒருவனைத் தேடிச் சந்தைக்கு வருகிறான். இயேசுவே தோன்றி, "என்னிடம் ஓர் அடிமைத் தச்சன் இருக்கிறான்" என்று விற்பனைச் சீட்டு எழுதித் தோமாவை விற்றுவிடுகிறார். தோமா மறுபேச்சின்றிக் கப்பலேறுகிறார். சீட்டு எழுதப்பட்டுக் கடல் கடந்து, மொழி தெரியாத நாட்டில் வேலைக்கு வந்து இறங்கிய ஒருவரின் கதையைத் தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கு விளக்க அகராதி வேண்டியதில்லை.

மன்னன் அரண்மனை கட்டப் பொன் கொடுக்கிறான். தோமா அதனை ஏழைகளுக்கு வாரி வழங்கிவிடுகிறார். "கட்டி முடிந்ததா?" என்று மன்னன் கேட்க, "முடிந்தது, இப்போது உம்மால் பார்க்க இயலாது, இவ்வுலகை நீங்கிய பின் பார்ப்பீர்" என்கிறார் தோமா. சிறையில் அடைக்கப்படுகிறார். அன்றிரவே மன்னனின் தம்பி காத் இறந்துபோகிறான். விண்ணுலகில் அழகிய மாளிகை ஒன்றைக் கண்டு அதில் தங்க இடம் கேட்கிறான். "இது உன் அண்ணனுக்குத் தோமா கட்டியது" என்று வானவர் கூறுகின்றனர். உயிர் பெற்று எழுந்த தம்பி, "அண்ணா, அந்த மாளிகையை எனக்கு விற்றுவிடு" என்று கேட்கும்போதுதான் மன்னனுக்கு உண்மை விளங்குகிறது.

இக்கதையை வரலாறு என்று ஒருவரும் கொள்ளார். ஐரோப்பிய அறிஞர்களும் நெடுங்காலம் குந்தபோரஸ் என்பது கற்பனைப் பெயர் என்றே எண்ணினர். அப்படி ஒரு மன்னனை வேறு எந்த வரலாற்று நூலும் குறிப்பிடவில்லை. ஆனால், 1830களில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் பழங்காசுகளைத் திரட்டியபோது, அதே பெயர் பொறித்த காசுகள் வெளிவந்தன. பெசாவர் அருகே தக்த்-இ-பாகி கல்வெட்டு அம்மன்னனின் 26ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. அவன் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில், அதாவது தோமா வாழ்ந்த காலத்தில், வடமேற்கு இந்தியாவை ஆண்ட பார்த்திய மன்னன் என்பது தெளிவாயிற்று. விலக்கப்பட்ட ஒரு கதைநூல், உண்மையான மன்னன் ஒருவனின் பெயரை நூற்றாண்டுக் கணக்கில் காத்து வைத்திருந்தது. காசுகள் மௌனமாக மண்ணில் கிடந்தன.

இவ்விடத்தில் நாம் நிதானமாக இருத்தல் வேண்டும். மன்னன் உண்மை என்பதால் தோமா அவனிடம் சென்றதும் உண்மை ஆகிவிடாது. எடெசா மக்கள் வணிகர் வாயிலாக அப்பெயரைக் கேட்டிருக்கலாம். மேலும், நூலில் மயிலாப்பூரோ, முசிறியோ, சேர சோழ பாண்டியரோ இல்லை. தோமாவைக் கொல்வித்த மன்னனின் பெயர் மஸ்தாய். பாரசீகச் சாயல் கொண்ட பெயர். ஒரு மலையில் நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்தினர் என்று நூல் கூறுகிறது. அம்மலை பரங்கிமலை என்பது மரபின் கூற்று, நூலின் கூற்றன்று. தோமா தென்னாட்டுக்கு வந்திருக்கவே முடியாது என்றும் கூற இயலாது; யவனர் கலங்கள் மிளகுக்காக முசிறிக்கு வந்ததை அகநானூறே காட்டுகிறது. கேரள மக்களின் மரபும் பழமையானது. ஆனால், 'வழி இருந்தது' என்பது வேறு, 'அவர் வந்தார்' என்பது வேறு. திருவள்ளுவர் தோமாவைச் சந்தித்தார், அவரிடம் பாடம் கேட்டார் என்றெல்லாம் மேடைகளில் பேசுவதற்கோ எள்ளளவும் சான்றில்லை. மாணவர் கட்டுரையில் அப்படி எழுதி வந்தால் நான் சிவப்பு மையால் சுழித்துவிடுவேன்.

மயிலாப்பூர் மரபுக்கும் நம் மலாக்காவுக்கும் ஓர் உறவு உண்டு. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர், 1523இல் மயிலாப்பூரில் தோமாவின் கல்லறை எனப்பட்ட இடத்தைத் தோண்டினர். 1545இல் பிரான்சிஸ் சவேரியார் அங்கு நான்கு திங்கள் அளவு தங்கி வேண்டிய பின்னரே கப்பலேறி மலாக்கா வந்து சேர்ந்தார். தோமாவின் எலும்புத் துண்டு ஒன்றைச் சிறு பேழையில் இட்டுக் கழுத்தில் அணிந்திருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1553இல் அவருடைய உடல் சில மாதங்கள் புதைக்கப்பட்டிருந்த குழியை, செயின்ட் பால் குன்றின் இடிந்த கோயிலுக்குள் இன்றும் காணலாம். பள்ளிச் சுற்றுலாவில் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் காசு போடும் அந்தக் குழிதான்.

1558இல் மலாக்கா மறைமாவட்டம் ஆனபோது, கோவாப் பேராயருக்குக் கீழ்ப்பட்டதாயிற்று. அந்தக் கோவாப் பேராயர் பதவியில் பின்னாளில் அமர்ந்த அலெய்ஷோ தெ மெனேசிஸ் என்பார், 1599ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கொச்சிக்கு அருகே உதயம்பேரூரில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். கேரளத்துத் தோமா கிறித்துவரின் சிரியச் சுவடிகள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும், திருத்தத்தக்கவற்றைத் திருத்த வேண்டும், மற்றவற்றை எரிக்க வேண்டும் என்று அச்சங்கம் ஆணையிட்டது. அவர்கள் விவிலியத்தில் இல்லாத நூல்களைச் சேர்க்கவும் கட்டளையிட்டது. 22 நூல்கள் என்று மேலே குறிப்பிட்டேன் அல்லவா, அந்தக் குறையைத்தான் இப்படி நிரப்பினர்.

எரிக்க வேண்டியவற்றின் பட்டியலில் 'மீட்பரின் குழந்தைப்பருவம்' என்னும் நூலும் ஒன்று. அதில் என்ன குற்றம் என்பதை ஆணையே விரித்துரைக்கிறது. வானதூதர் மரியாளுக்குத் தோன்றியது நாசரேத்தில் அன்று, எருசலேம் ஆலயத்தில் என்று அந்நூல் கூறுகிறதாம். சூசைக்கு முன்னரே மனைவியும் மக்களும் இருந்தனர் என்கிறதாம். பிள்ளையின் குறும்புக்காகச் சூசை அடிக்கடி கண்டித்தார் என்கிறதாம். இயேசு பள்ளிக்குச் சென்று ஆசிரியரிடம் கற்றார் என்கிறதாம். மலபார்க் கரையில் ஏதோ ஒரு கோயிலில், குறும்புக்காரக் குழந்தை இயேசுவின் கதையை மக்கள் கேட்டு மகிழ்ந்திருக்கின்றனர். கண்ணன் கதை கேட்டு வளர்ந்த மண்ணில் அது வேரூன்றியதில் வியப்பென்ன? எரிக்கச் சொன்னவர்களின் குற்றப்பத்திரிகைதான் இன்று அந்த வாசிப்புக்குச் சாட்சியாக நிற்கிறது.

தமிழில் இதற்கு நேரான நிகழ்ச்சி உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி என்னும் பௌத்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. அதனை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியும் அதன் உரையும் இருப்பதால், குண்டலகேசி எதை வாதிட்டது என்பதை ஓரளவு அறிகிறோம். ஐரோப்பாவிலும் அப்படியே. லியோன் நகர ஆயர் இரேனியு கி.பி. 180ஐ ஒட்டி எழுதிய மறுப்பு நூலில் 'யூதாசு நற்செய்தி' என ஒன்றைப் பழித்தார். அந்நூலின் கொப்டிக் படி 2006இல் அச்சில் வெளிவந்தது. எதிரியின் ஏட்டில்தான் பல நூல்கள் உயிர் தரித்திருக்கின்றன.

'தோமாவின் பணிகள்' நூலுக்கு நல்லூழ் இருந்தது. எகிப்துப் பாலைவனத்துச் சிரிய மடத்தில் 936ஆம் ஆண்டுச் சுவடி ஒன்று பாதுகாக்கப்பட்டு, பின்னர் இலண்டன் சென்று, 1871இல் வில்லியம் ரைட் என்பவரால் பதிப்பிக்கப்பட்டது. அச்சுவடியில், தோமா சிறையில் இருந்தபோது பாடியதாக ஒரு பாடல் வருகிறது. அறிஞர்கள் அதனை 'முத்தின் பாடல்' என்பர். சிரியச் சுவடி ஒன்றும் கிரேக்கச் சுவடி ஒன்றும் தவிர வேறெங்கும் அப்பாடல் கிடைக்கவில்லை. அவ்விரண்டும் செல்லரித்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

கீழ்த்திசை இளவரசன் ஒருவனைப் பெற்றோர் எகிப்துக்கு அனுப்புகின்றனர். பாம்பு காவல் காக்கும் முத்து ஒன்றை அவன் கொண்டுவர வேண்டும். அங்குள்ளோர் உணவை உண்டதும் தான் யார் என்பதையும் வந்த வேலையையும் மறந்து, அவர்களுக்கே ஏவல் செய்து உறங்கிவிடுகிறான். பெற்றோர் எழுதிய மடல் கழுகாகப் பறந்து வந்து, "எழுந்திரு, நீ அரசன் மகன்" என்று நினைவூட்டுகிறது. அவன் பாம்பை உறங்க வைத்து, முத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறான். சைவ சித்தாந்தம் பயின்றவர்களுக்குச் சிவஞான போதத்தின் எட்டாம் நூற்பா இவ்விடத்தில் நினைவுக்கு வரும். அங்கும் அரச குலத்துப் பிள்ளை தன்னை மறந்து வளர்கிறான், ஆனால் வேடர்களிடையே. அவனுக்கு அவன் யார் என்பதை உணர்த்துவது மடலன்று, குரு.