தரகு வந்த வழி

நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், கொடையாகக் கொடுத்தான். அதைப் பதிந்த செப்பேடுகள் பின்னாளில் நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. விகாரத்துக்குச் சேரவேண்டிய வரிகளை அவை வரிசையாக அடுக்குகின்றன. தறிக்குரியது தறிப்புடவை, பொற்கொல்லருக்குரியது தட்டாரப்பாட்டம். இந்த இரண்டுக்கும் நடுவே ‘தரகு’ நிற்கிறது.

இன்றைக்குத் தாம்பரத்தில் வீடு விற்பவர் “தரகு எவ்வளவு?” என்று கேட்கிறாரே, அதே சொல்தான். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அது ஊர்க் கணக்கில் ஏறிவிட்டது. அன்று அதைச் சொல்ல யாரும் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கவில்லை.

தரகின் எல்லை எது என்பதை இன்னொரு செப்பேடு விரிவாகவே சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராகவச் செப்பேடு அது. கொடுங்கல்லூரான மகோதையார்பட்டினத்து வணிகன் இரவிகொற்றனுக்கு மணிக்கிராமம் என்ற வணிகர் பட்டத்தையும் அதோடு சேர்ந்த உரிமைகளையும் சேர மன்னன் வழங்கிய ஆவணம். பறையால் அளப்பது, தராசில் நிறுப்பது, நூலால் அளப்பது, எண்ணிக் கொடுப்பது என எல்லாச் சரக்குக்கும், உப்பு, சர்க்கரை, கஸ்தூரி, விளக்கெண்ணெய் உட்பட, தரகும் அதையடுத்த சுங்கமும் அவனுக்கே. ஆக, தரகு வாங்கும் உரிமை மன்னன் கொடுத்த மரியாதை. மலையாள நாட்டில் அந்த மரியாதை குடும்பப் பெயராகவே நிலைத்தது. திருவிதாங்கூரின் பெரும் மர வணிகர் தச்சில் மாத்தூ தரகன் அந்தப் பட்டத்தோடுதான் வரலாற்றில் நிற்கிறார். தரகன் என்ற பெயரைத் தாங்கிய சிரியன் கிறித்தவக் குடும்பங்கள் கேரளத்தில் இன்றும் உண்டு.

வீரராகவச் செப்பேட்டில் வருவதெல்லாம் சந்தைச் சரக்கு. நிலம் வேறு வழியில் கைமாறியது. சோழர் கால நில விற்பனைக் கல்வெட்டுகளைப் படித்தால் கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை என்று நான்கெல்லையும் வரும், பக்கத்து நிலம் யாருடையது என்பது வரும், விலை வரும், கையெழுத்திட்டவர்கள் பெயர் வரும். பல இடங்களில் விற்பதே ஊர்ச்சபைதான். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் அறிந்த வட்டாரத்தில், நிலத்தைக் காட்டித்தர மூன்றாம் ஆள் எதற்கு? தூரத்துச் சரக்கு வந்து இறங்கும் இடத்தில்தான் அவர் தேவைப்பட்டார்.

கப்பலேறி ஐரோப்பியர் வந்தபோது அந்தத் தேவை பல மடங்கானது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனி தன் தலைமைத் தரகரைக் ‘கூர்த்தியே’ என்றது. 1708இல் அந்தப் பதவிக்கு வந்த நைனியப்பப் பிள்ளை கம்பெனிக்குத் துணி கொள்முதல் செய்து தந்தார். உள்ளூர் வணிகருக்கும் கம்பெனிக்கும் நடுவே அவர் சொல்தான் பாலம். 1716இல் கம்பெனி அதிகாரிகள் அவரைக் கைது செய்து, தண்டனைத் தீர்ப்பளித்து, சொத்தைப் பறித்தார்கள். 1717இல் சிறையிலேயே இறந்தார். பிறகு பிரான்சில் அந்தத் தீர்ப்பு தவறென்று ஆனது. அவர் மகன் குருவப்பப் பிள்ளை பாரிசுக்கே போய் அரச விருதோடு திரும்பி, தந்தையின் பதவியில் அமர்ந்தார். நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையும் இந்த உறவுக் கிளையில் வந்தவர்தான். இரு தரப்பும் நம்பினால்தான் தரகர் பிழைப்பார். ஒரு தரப்பு சந்தேகித்தால் முதலில் விழுவதும் அவரே.

ஊர்ப்புறத்தில் சொல்லுக்குக் கிளைகள் முளைத்தன. நெல் தரகர், கல்யாணத் தரகர், மாட்டுத் தரகர், காய்கறிக்குத் தரகு மண்டி. வேலூர்ப் பக்கம் பொய்கைச் சந்தையிலும் ஈரோடு கருங்கல்பாளையத்திலும் மாட்டுத் தரகர் தோளிலிருக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். அதனடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்தும் அழுத்தியும் விலை பேசுவார். சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு முகம் தெரியும், தலையசைப்பு தெரியும், தொகை மட்டும் தெரியாது. தரகு என்றாலே மறைவு என்ற எண்ணம் ஊன்றியதில் அந்தத் துண்டுக்கும் பங்குண்டு.

நிலம் சரக்கானது நகரத்தில். வயலும் தோப்பும் மனைப்பிரிவுகளாகி, 2,400 சதுர அடி கொண்ட ‘கிரவுண்டு’ விலை பேசும் அளவானபோது, வாங்குபவர் அந்த ஊருக்கே புதியவர். அவருக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய. பட்டா யார் பெயரில் இருக்கிறது, தாய்ப் பத்திரம் மூலமா நகலா, வில்லங்கச் சான்றில் அடமானம் ஏதும் நிற்கிறதா, அளந்தால் பத்திரத்தில் சொன்ன அகலம் தேறுமா? இதையெல்லாம் அறிந்தவராகத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தார் தரகர். பேச்சில் அவர் ‘புரோக்கர்’ ஆனார். வாங்குபவர் ‘பார்ட்டி’ ஆனார். தரகு ‘கமிஷன்’ ஆனது. விலையில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, பல இடங்களில் இரு தரப்பிலும். வாடகை வீடென்றால் ஒரு மாத வாடகை.

கணக்கிலிருந்து தரகு நழுவியதும் இங்கேதான். கிரையப் பத்திரத்தில் விற்பவரும் வாங்குபவரும் சாட்சிகளும் இருப்பார்கள். தரகருக்குப் போன தொகை இருக்காது. உரிமையாளர் கேட்ட விலைக்கு மேல் சொல்லி மிச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் ‘ஓவர் வைக்கிற’ வேலையும் அந்த இடைவெளியில் வளர்ந்தது. அரசு அலுவலகச் சுவர்கள் ‘இடைத்தரகர்களை நம்பாதீர்’ என்றன. விற்பனைப் பலகைகள் ‘தரகர்கள் வேண்டாம்’ என்றன. நேர்மையாக உழைத்துப் பத்திரம் பதிவாகும்வரை கூடவே அலைந்த தரகருக்கும் அதே வசைதான் விழுந்தது. இது பெரிய அநியாயம்.

அவருடைய அறிவுக்கு என்ன மதிப்பு என்பதை 2016 காட்டியது. அந்த ஆண்டு செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. மலிவென்று வாங்கிய மனையை விற்க முடியாமல் பலர் தவித்தார்கள். ‘அப்ரூவல் இல்லை, வேண்டாம்’ என்று முன்பே சொல்லியிருந்த தரகர் வாங்கிய கூலி அப்போது கொள்ளை மலிவாகத் தெரிந்தது.

அதே 2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இந்தத் தொழிலை மறுபடி எழுத்துக்குள் கொண்டுவந்தது. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்துக் கூலி பெறுபவர், புரோக்கர், இடைத்தரகர் எனப் பெயர் எதுவானாலும், சட்டத்தின் கண்ணில் ‘முகவர்’. 9ஆம் பிரிவின்படி அவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். 10ஆம் பிரிவின்படி கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். பதிவாகாத திட்டத்தின் மனையை விற்றுத் தரக் கூடாது. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். அது சொத்து விலையில் 5 விழுக்காடு வரை போகலாம்.

ஆனால் இந்தச் சட்டம் புதுத் திட்டங்களின் முகவர்களைத்தான் பிடிக்கிறது. ஒருவர் 20 ஆண்டுகள் குடியிருந்த தனி வீட்டை விற்கும்போது தரகர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறார். அங்கே துணைக்கு வருவது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் அந்த வியாபாரத்தைச் செய்துகொண்டால், கிடைத்த ஆதாயத்தை அமர்த்தியவர் கேட்டு வாங்கலாம் என்கிறது அதன் 216ஆம் பிரிவு. அவரை அமர்த்தியதற்கே சான்றில்லை என்றால் அந்த உரிமையை நிலைநாட்டுவது கடினம். ஆகவே வீடு காட்டத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்: தரகு எத்தனை விழுக்காடு, எப்போது தருவது, எதிர்த்தரப்பிலும் அவர் வாங்குகிறாரா. தொகையை வங்கி வழியாகக் கொடுத்து ரசீது பெற வேண்டும். நல்ல தரகர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். கூலி கைக்கு வராமல் போகும் பயம் அவருக்கும் உண்டு.